வாளை வைத்த பின் வேலை என்ன?

காரைக்குடியை அடுத்த கோவிலூரில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குக் கொற்றவாளீசர் என்பது திருநாமம். பாண்டியன் ஒருவன் தான் இழந்த கொற்றவாளை இவ்விடத்தில் இறைவனருளால் திரும்பப் பெற்றான் என்பது தலத்தின் கதை. வேதாந்த மடத்தினால் தமிழ் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர் இது. துறவிகளுக்கும் ஞான விசாரணை செய்வோருக்கும் உரிய இடமென்று நாம் கருதும் இவ்வூரில், சுவாமியின் பெயரிலேயே ஒரு வாள் இருப்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அண்மையில் நாம் அங்கே சென்றிருந்த பொழுது, திருக்குளத்துப் படியில் சந்தித்த ஒருவரின் கேள்வி அதை நமக்கு நினைவூட்டிற்று. அக்கேள்விக்கு விடை தேடி அலைந்ததன் விளைவே இக்கட்டுரை.

அவர் ராணுவத்தில் மோட்டார் பழுது பார்க்கும் பிரிவில் பதினேழு ஆண்டு சேவை செய்து, நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது இதுதான்: "ஐயா, என் தங்கச்சி மகன் 2023இல் அக்னிவீரனாகச் சேர்ந்தவன். 2027இல் திரும்பிவிடுவான். அவனை எந்த ஆபீசில் போய்ப் பதியச் சொல்வது?"

விசாரித்துச் சொல்வதாக வாக்களித்தோம். பிறகு அவருடைய கதையைக் கேட்டோம். பனி மலையிலும் பாலைவனத்திலும் கனரக வாகனங்களின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கை அவருடையது. படையை விட்டு வந்த பின் மூன்று இடங்களில் மெக்கானிக் வேலைக்கு மனுச் செய்தாராம். மூன்று இடத்திலும் தொழிற்பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். ராணுவம் கொடுத்த தொழில் தகுதிச் சீட்டைக் காட்டினார். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காவல் வேலை இருக்கிறது, வருகிறீரா?" என்றார்களாம். இப்பொழுது ஒரு வணிக நிலையத்தின் வாசலில் இரவுக் காவல். அந்நிலையத்தின் லாரி வழியில் நின்றுவிட்டால் வெளியிலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கிறார்கள். இவர் கதவைத் திறந்து விடுகிறார்.

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டத்தில் வாக்குறுதிக்குக் குறைவில்லை. மத்திய சர்க்கார் 1979இல் செய்த விதிகளின்படி, மத்திய இலாகாக்களில் 'சி' பிரிவு உத்தியோகங்களில் நூற்றுக்குப் பத்தும், 'டி' பிரிவில் நூற்றுக்கு இருபதும் முன்னாள் படைவீரருக்கு உரியவை. பொதுத்துறை நிறுவனங்களிலும் பாங்குகளிலும் இது முறையே பதினான்கரையும் இருபத்து நான்கரையும் ஆகும்; ஊனமுற்ற வீரரும், போரில் இறந்தோர் குடும்பத்தினரும் இதில் அடங்குவர். வயது விஷயத்திலும் தாராளமே காட்டப்பட்டிருக்கிறது. படையில் கழித்த ஆண்டுகளை வயதிலிருந்து கழித்துவிட வேண்டும். மிச்சம் நிற்பது உச்ச வரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாதிருந்தால் போதும். முப்பத்தேழு வயதில் வெளிவந்த நம் கோவிலூர் நாயக், விதியின் கண்ணுக்கு இருபது வயது இளைஞர்! மெட்ரிகுலேஷன் தேறி, பதினைந்து ஆண்டு சேவையும் முடித்து, படையின் கல்விச் சான்றும் பெற்றவர், பட்டம் வேண்டுமென்று சொல்லப்படும் 'சி' பிரிவு வேலைகளுக்கும் மனுச் செய்யலாம். தமிழ் நாட்டுப் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வில் நூற்றுக்கு ஐந்து இடம் உண்டு. ஏட்டில் இவ்வளவும் நன்றாகவே இருக்கிறது.

நடைமுறை எப்படி? ராணுவ இலாகாவைச் சேர்ந்த மறுவாழ்வு இயக்ககம் 2021 ஜூன் 30 வரை திரட்டிய கணக்கு ஒன்று உண்டு. எழுபத்தேழு மத்திய இலாகாக்களில் முப்பத்து நான்கின் விவரம் அதில் அடங்கியிருந்தது. அவற்றில் 'சி' பிரிவில் பணி புரிந்த 10,84,705 பேரில் முன்னாள் வீரர் 13,976 பேர். நூற்றுக்கு ஒன்றேகாலுக்குச் சற்று மேல். 'டி' பிரிவில் 3,25,265 பேரில் 8,642 பேர். இருபது கொடுக்க வேண்டிய இடத்தில் மூன்று கூட இல்லை. விவரம் தந்த தொண்ணூற்று நான்கு பொதுத்துறை நிறுவனங்களிலோ, 'சி' பிரிவின் 2,72,848 பேரில் 3,138 பேர்தாம்.

இவற்றையெல்லாம் விட வியப்பூட்டுவது மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் கணக்கு. துப்பாக்கி பிடிக்கவும், எல்லையில் நிற்கவும், அணிவகுக்கவும் தெரிந்தவர்களையே வேண்டும் படைகள் இவை. சிவகங்கையை அடுத்த இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸின் பயிற்சி மையம் இருப்பதை நம் ஜில்லாவாசிகள் அறிவர். இத்தகைய படைகளின் 'சி' பிரிவில் 8,81,397 பேருக்கு 4,146 பேரே முன்னாள் ராணுவத்தினர். நூற்றுக்கு அரை கூட இல்லை. சிப்பாய் வேலைக்குச் சிப்பாய் ஆகவில்லை என்றால் வேறு எந்த வேலைக்கு ஆவான்?

ஒரு விதிவிலக்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே கணக்கில் பதின்மூன்று பொதுத்துறை பாங்குகளில் எழுத்தர் நிலையில் 2,71,741 பேரில் 24,733 பேரும், கீழ்நிலை ஊழியரில் 1,07,009 பேரில் 22,839 பேரும் முன்னாள் வீரர். சட்டத்தின் அளவை எட்டாவிட்டாலும் அதை நெருங்கியிருக்கிறார்கள். பாங்கியின் வாசலுக்குத் துப்பாக்கியுடன் ஆள் தேவை என்பது கீழ்நிலைக்குக் காரணமாகலாம். எழுத்தர் மேஜைக்கு அக்காரணம் பொருந்தாது. ஆகவே இது முடியாத காரியம் என்று எந்த இலாகாவும் சாதிக்க இடமில்லை.

இலாகாக்களின் சமாதானத்தையும் கேட்போம். போதிய பேர் மனுச் செய்வதில்லை. மனுச் செய்வோர் பரீட்சையில் தேறுவதில்லை. தகுதியுள்ள முன்னாள் வீரர் கிடைக்கவில்லை என்று குறித்துவிட்டுப் பிறரைக் கொண்டு நிரப்புகிறோம் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. இருபது வயதுப் பட்டதாரி ஓராண்டு வீட்டிலிருந்து படித்து எழுதும் பரீட்சை அது. நம் சிப்பாய் அந்த ஓராண்டு எங்கே இருந்தான்? எல்லைச் சாவடியில் காவல் நின்றான். அவனுக்கு வாசகசாலையும் இல்லை, பரீட்சைக்குப் பயிற்றுவிக்கும் ஆசிரியரும் இல்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன் மூடிய கணக்குப் புத்தகத்தை, வெளிவந்த மறுமாதம் திற என்றால் எப்படித் திறப்பான்? குறை மனிதனிடம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இடம் ஒதுக்கிய கை, அவ்விடத்தில் உட்காரப் பழக்கும் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டது.

பயிற்சியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மறுவாழ்வு இயக்ககம் ஓய்வு பெறும் சிப்பாய்களுக்குக் கட்டணமின்றி வகுப்புகள் நடத்துகிறது. இருபத்து நான்கு வாரம் வரை நீளும் வகுப்புகளும் உண்டு. ராணுவத் தொழில்களுக்கு இணையான சிவில் தொழில்கள் இவை என்று ஒரு பட்டியலும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் படையிலிருந்து வெளிவருவோர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர். பெரும்பாலோர் நாற்பதைச் சுற்றிய வயதினர். குழந்தைகள் பள்ளியில் படிக்கும் பருவம், பெற்றோர் தளர்ந்த பருவம். அவர்களில் பலருக்குக் கடைசியில் கிடைப்பது காவல் வேலைதான். தமிழ் நாட்டு சர்க்கார் 1986இல் நிறுவிய டெக்ஸ்கோ என்னும் முன்னாள் படைவீரர் கழகமும் பெரும்பாலும் காவல் பணிக்கே ஆள் அனுப்பி வருகிறது. பலருக்குச் சோறு போடும் கழகம் அது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும் கம்பியில்லாத் தந்தி கற்றவன், ஆஸ்பத்திரியில் ரணம் கட்டியவன், பாலம் போட்டவன், கணக்கு எழுதியவன் எல்லோரையும் ஒரே சீருடை மாட்டி ஒரே வாசலில் நிறுத்துவது தேசத்துக்குப் பெரும் நஷ்டம். அவர்களைப் பழக்கியது நம் வரிப்பணம் அல்லவா?

இந்நாட்டில் இவ்விஷயம் புதிதன்று. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய 1939இல் சுமார் இரண்டு லட்சமாக இருந்த இந்திய ராணுவம், 1945இல் இருபத்தைந்து லட்சமாகப் பெருகியிருந்தது. 'போர்க்குலம்' என்ற ஆங்கிலேயரின் வீண் கொள்கையினால் தமிழனுக்குப் போர்க்குணம் இல்லையென்று ஒதுக்கி, 1920களில் சென்னைக் காலாட்படையையே கலைத்தவர்கள், யுத்தம் வந்ததும் 1941இல் அதை மீண்டும் எழுப்பினார்கள். வேலு நாச்சியாரும் மருது சகோதரரும் வாளெடுத்த சிவகங்கைச் சீமையிலே இக்கொள்கை எத்தனை நகைப்புக்கு உரியது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அச்சீமையின் வீரருக்கு ஆங்கிலேயர் கொடுத்த 'மறுவாழ்வு' வேறு விதம்: 1801இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட, அவர்கள் பக்கம் நின்ற எழுபதுக்கு மேற்பட்டோர் மறு ஆண்டு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

யுத்தம் முடியும் தறுவாயில், இருபத்தைந்து லட்சம் பேரில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்த பொழுது, 1945 ஜூலையில், மறுவாழ்வு-வேலைவாய்ப்பு இயக்ககம் என்றொரு இலாகா தோற்றுவிக்கப்பட்டது. கலைக்கப்பட்ட சிப்பாய்களுக்கும், யுத்தத் தொழிற்சாலைகளிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கும் வேலை தேடிக் கொடுப்பதே அதன் காரியம். இன்று ஜில்லாவுக்கு ஜில்லா நம் பிள்ளைகள் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்களே, அந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பிறப்பு இதுவே. 1948இல்தான் அது எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 1956இல் அதன் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களின் வரலாறும் அத்தகையதே. முதலில் சிப்பாய்களுக்கென்றும், பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கென்றும் நடந்த தொழில் வகுப்புகளின் வழியில்தான் 1950இல் பொதுமக்களுக்கான கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. சிப்பாயின் பெயரால் கட்டப்பட்ட வீட்டில் இன்று சிப்பாய் திண்ணையில் நிற்கிறான்.

அதே காலத்தில் அமெரிக்கா செய்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். யுத்தம் முடியுமுன்பே, 1944 ஜூன் 22இல், அந்நாடு ஒரு சட்டம் செய்தது. திரும்பும் வீரன் கல்லூரிக்குப் போகலாம், தொழில் கற்கலாம். கட்டணமும் படிப்புக் காலச் செலவும் சர்க்காருடையவை. 1956க்குள் எழுபத்தெட்டு லட்சம் பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டனர். அமெரிக்கா தனவந்த நாடு, நாம் அப்படியல்ல என்பது சரி. ஆனால் முதலில் பயிற்சி, பிறகு வேலை என்னும் வரிசைக்குப் பெரும் செல்வம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இடையே சொல்லிவிடுகிறோம். பிரிட்டனுக்காகப் போரிட்டவருக்கு 1945லேயே வேலை தேட ஓர் இலாகா எழுந்தது. நேதாஜியின் பின் சென்ற இந்திய தேசிய ராணுவத்தாரை, அவர்களில் மலாயாத் தமிழர் எத்தனையோ பேர், சுதந்திர இந்தியாவின் படை திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகளுக்கான மத்திய சர்க்கார் ஓய்வூதியம் வந்தது 1972இல். அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடிவிட்டனர்!

செட்டிநாட்டில் பிறந்தவருக்கு இவ்விஷயத்தில் சர்க்காருக்கே சொல்லிக் கொடுக்கும் தகுதி உண்டு என்பது நம் அபிப்பிராயம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆள் அனுப்பிய காலத்தில் இவ்வட்டாரத்துக் கடைகள் எப்படி நடந்தன? சிறுவன் பெட்டியடிப் பையனாக நுழைவான், கணக்கும் கடிதமும் பழகுவான், அடுத்தாளாக உயர்வான், பிறகே கடையை நடத்தும் ஏஜெண்டாகக் கப்பல் ஏறுவான். மூன்றாண்டு அவன் 'கணக்கு'. கணக்கு முடிந்து ஊர் திரும்பினால் சம்பளப் பாக்கி தீர்க்கப்படும்; சில காலம் ஓய்வு; நல்ல ஆள் என்று பெயரெடுத்திருந்தால் மறு கணக்குக்குப் பல கடைகள் போட்டியிடும். மூன்றாண்டு கடல் கடந்து உழைத்தவன் கற்ற தொழில் ஊரில் மதிப்பிழந்ததில்லை. கொண்டுவிற்கும் தொழிலைக் கற்றவனைக் கொண்டுபோய் வாசற்காவலுக்கு நிறுத்தும் அளவுக்கு நம் முன்னோர் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

இப்பொழுது அக்னிவீரர் விஷயத்துக்கு வருவோம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் இளைஞன் நான்காண்டு பணி செய்கிறான். நால்வரில் ஒருவர் வரை படையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவர். மற்றவர் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் சேவா நிதியுடன் வெளியேறுவர். அதில் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தது. ஓய்வூதியம் கிடையாது; பணிக்கொடையும் கிடையாது. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நான்காண்டு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது.

கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. திட்டத்தின் நிபந்தனைகளின்படி அக்னிவீரனுக்கு 'முன்னாள் படைவீரர்' என்ற அந்தஸ்து இல்லை. அப்படியானால் மேலே சொன்ன பத்தும் இருபதும் அவனுக்கு உரியவை ஆகா. அதற்கு ஈடாக, ஆயுதப் போலீஸ் படைகளிலும் அஸ்ஸாம் ரைபிள்ஸிலும் அவனுக்கென நூற்றுக்குப் பத்து இடம் 2022இல் அறிவிக்கப்பட்டது. முன்னாள் வீரருக்கென்று பத்து இடம் ஒதுக்கி அரை இடம் கூட நிரம்பாத அதே படைகள்! அக்னிவீரன் இளையவன், ஆதலால் தேறுவது எளிது என்று சொல்லலாம். நாமும் அப்படியே ஆகவேண்டுமென்று விரும்புகிறோம். ஆனால் பழைய பத்து ஏன் அரையாயிற்று என்று ஆராயாமல் புதிய பத்தை நம்பச் சொன்னால் ஒப்புக்கொள்வது கடினம்.

பணியில் இருக்கும்போதே இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குப் படிக்கலாம், படையில் கற்ற தொழிலே அதில் பாதி மதிப்பெண்ணாகக் கொள்ளப்படும் என்ற ஏற்பாடு மெச்சத் தக்கது. இந்த யோசனை முழுப் படைக்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால், நம் நாயக்கின் தொழில் தகுதிச் சீட்டை எவரும் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள்.

இங்கே நண்பர் சிலர் குறுக்கிடலாம். படித்த வாலிபர் லட்சக்கணக்கில் வேலையின்றி இருக்கையில், ஓய்வூதியம் வாங்கும் ஒருவனுக்கு இன்னொரு உத்தியோகமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஜெனரலின் ஓய்வூதியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிப்பாயைப் பார்க்கலாகாது. மேலும், மற்ற இலாகாவில் ஊழியன் அறுபது வயதை ஒட்டி வெளியேறுகிறான். படை இளமையாயிருக்க வேண்டுமென்ற தேசத்தின் தேவைக்காக இவனை முப்பத்தைந்திலும் நாற்பதிலும் அனுப்பிவிடுகிறோம். தேவை நம்முடையது, அதன் விலையை அவன் மட்டும் கொடுக்க வேண்டுமா? அக்னிவீரனுக்கோ அந்த ஓய்வூதியமும் இல்லை. அவனும் வேலையில்லா வாலிபர் கூட்டத்தில் ஒருவனே.

ஆகவே செய்யக்கூடியது எது? டில்லியைப் பார்த்துக் கூவுவதோடு நிற்காமல், நம் வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம். காரைக்குடியில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அழகப்பர் தோற்றுவித்த கல்விச்சாலைகள் இருக்கின்றன. கோவிலூரிலேயே மடத்தின் ஆதரவில் கல்லூரி நடைபெறுகிறது. ஓய்வுக்கு முந்திய கடைசி ஆறு மாதத்தைச் சிப்பாய் தன் ஊரையடுத்த இத்தகைய நிலையத்தில் கழிக்கட்டும். படையில் அவன் கற்ற தொழிலை அந்நிலையமே சோதித்து, வெளியுலகம் ஒப்புக்கொள்ளும் சான்றிதழை அவன் கையில் கொடுக்கட்டும். பதினேழு ஆண்டு எஞ்சின் பழுது பார்த்தவனைச் சோதிக்க ஒரு வாரம் போதும். கணக்கும் ஆங்கிலமும் பொது அறிவும் பழக மிச்ச மாதங்கள் உதவும். புதிய கட்டடம் வேண்டாம், புதிய இலாகாவும் வேண்டாம்.

ஒவ்வோர் ஆபீசும் தன்னிடம் முன்னாள் வீரருக்கென எத்தனை இடம் இருந்தது, எத்தனை நிரம்பிற்று, நிரம்பாததற்குக் காரணம் யாது என்று ஆண்டுக்கு ஒரு முறை வாசற்பலகையில் எழுதி ஒட்டட்டும். கணக்கு வெளிவந்தாலே பாதிக் காரியம் நடந்துவிடும். சட்டசபை உறுப்பினரும் பார்லிமெண்டு உறுப்பினரும் கேட்க வேண்டிய கேள்வி இது. டிசம்பர் 7ஆம் தேதி கொடி நாளன்று உண்டியல் குலுக்கும் தேசத் தொண்டர்கள், மறுநாள் இக்கேள்வியையும் கேட்கலாமே.

மாநில சர்க்காரும் வாளாவிருக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2024 சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம், முன்னாள் வீரர் சொந்தத் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை பாங்குக் கடனும், மூலதனத்தில் நூற்றுக்கு முப்பது மானியமும், வட்டியில் மூன்று சதவீதச் சலுகையும் தர முன்வந்தது. கடனோடு தொழில் பயிற்சியும் சேர்த்தே சொல்லப்பட்டது நல்ல சகுனம். வட்டியும் முதலும் அறிந்த செட்டிநாட்டார், கடன் வாங்குபவனுக்குக் கணக்குப் பழக்காமல் பணத்தை நீட்டுவது இருவருக்கும் கேடு என்பதை ஒப்புக்கொள்வார்கள். கோவிலூரிலும் காரைக்குடியிலும் ஓய்ந்திருக்கும் வியாபாரப் பெரியவர்கள், இத்தகைய வீரர் இருவர் மூவருக்கு ஐந்தொகை போடக் கற்றுக் கொடுத்தால் அது பெரிய தேசத் தொண்டாகும்.

நாயக்குக்கு நாம் சொன்ன விடை இது: சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. உங்கள் தங்கை மகன் அங்கே போனால், நீ முன்னாள் படைவீரன் அல்லன் என்று விதியைக் காட்டினாலும் காட்டுவார்கள். அப்படிச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியட்டும். படையை விட்டுக் கிளம்புமுன் தொழில் சான்றையும் பட்டப்படிப்பின் சான்றையும் கேட்டு வாங்கிக்கொண்டே புறப்படட்டும். பின்னால் கடிதம் எழுதி வாங்குவது எளிதன்று.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றைக் குறித்துக்கொண்டார். "எழுத்தில் வாங்கினால் யாரிடம் காட்டுவது?" என்றார். நம்மிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.